முத்துக்கனியின் விரல்களும் மூட்டுவாத உயராய்வு மையமும்

குமரி மூட்டுவாத உயராய்வு மையம் என்று ஒன்று, புதுக்கடைக்குப் போகிற ரோட்டில் கண்ணாடிச் சுவரோடு எழும்பி நின்றது. மூட்டுவலிக்காரர்கள் வந்துபோகிற இடம் என்பதால் வாசலுக்கு உயரமாகப் பளிங்குப் படிகள் கட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று ஒரு சரிவுப் பாதையும் உண்டு; அதில் இயக்குநரின் கார் நின்றது. மையத்துக்கு இலச்சினை இருந்தது, கீதம் இருந்தது, தொலைநோக்கு இருந்தது. ஆய்வுதான் இல்லை. திறப்புவிழா முடிந்து ஒரு வருஷமாகியும் என்னதான் ஆராய்கிறீர்கள் என்று மேலிடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். அதில் இயக்குநர் டாக்டர் பொன்னுலிங்கம் தூக்கம் கெட்டுக் கிடந்த சமயத்தில்தான் முத்துக்கனி அந்தப் படிகளில் ஏறினாள். அவள் ஏறாமலே இருந்திருக்கலாம்.

முத்துக்கனிக்கு அண்டியாபீஸில் வேலை. முந்திரிக்கொட்டை உடைத்துத் தோலுரிக்கிற இடத்துக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு விறுவிறுவென்று போகிற பெண்களிடம் எங்கே என்று கேட்டால், ஆபீஸுக்கு என்பார்கள். அந்த ஆபீஸில் மின்விசிறி கிடையாது. கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுக் கை பொரிந்துபோகும், உடம்பெல்லாம் அரிக்கும். அரிப்புக்கு மெடிக்கல் ஸ்டோரில் சின்ன வெள்ளைக் குளிகை ஒன்று தருவார்கள். சளிக்கும் தும்மலுக்கும் ஊரெல்லாம் தின்கிற அதே அலர்ஜி மாத்திரைதான்.

அவளுக்கு அரிப்போடு முடக்குவாதமும் இருந்தது. கை மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்தால் விரல்கள் விறைத்துக்கொள்ளும். நெய்யூரில் பார்த்த டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை தின்ன ஒரு மருந்து கொடுத்து, நிறுத்தவே கூடாது என்று சொல்லியிருந்தார். வீக்கம் கட்டுப்பட்டது, காலை விறைப்பு மட்டும் மிச்சமிருந்தது. அரிப்புக் குளிகை தின்ற மறுநாள் அந்த விறைப்பும் சீக்கிரம் விட்டுப்போவதை முத்துக்கனி கவனித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தோலுரிக்கிற கிரேசியிடம் சொன்னாள்.

"ஏட்டி, இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்தக் கண்ணாடிக் கெட்டடத்துல போயி சொல்லு. பெரிய டாக்டர்மாருக்கு தெரிஞ்சா நாலு பேருக்கு உபகாரமாவும்லா" என்றாள் கிரேசி. நாலு பேருக்கு உபகாரம் என்றால் இந்தப் பெண்களுக்குக் கால் தன்னால் நடக்கும்.

முத்துக்கனிக்குத் தன் பயமும் இருந்தது. மகள் அபினாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சைகை மொழி அவளுக்கு முழுசாகப் பிடிபடவில்லை. அதற்கு முன்னாலேயே தாயும் மகளுமாகச் சொந்தத்தில் ஒரு பாஷை உண்டாக்கிவிட்டிருந்தார்கள். இரண்டு விரலால் காற்றில் சரிவாக ஒரு கீறு கீறினால் அப்பா, ஏனென்றால் அப்பா சுயம்பு ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவன். பத்து விரலும் பிரிந்து மேலேயிருந்து இறங்கினால் மழை. சுண்டுவிரல் மட்டும் ஆடினால் பொய் சொல்லாதே. அந்தப் பாஷையில் கோபம் உண்டு, கிண்டல் உண்டு, பக்கத்து வீட்டு வம்பும் உண்டு. சுயம்புவுக்கு அதில் பாதிகூடத் தெரியாது. மகளிடம் ஒன்று கேட்க வேண்டுமென்றால் பொண்டாட்டியின் கையைத்தான் பார்ப்பான். அந்த வீட்டின் பேச்சு முழுக்க முத்துக்கனியின் விரல்களில் இருந்தது. விரல் விறைக்க ஆரம்பித்தபோது அவள் பயந்தது வேலையை நினைத்து அல்ல, மகளை நினைத்து.

டாக்டர் பொன்னுலிங்கம் அவள் சொன்னதைக் கேட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஹிஸ்டமின்!" என்றார். "அரிப்புக்கும் அதுதான் காரணம். மூட்டுச் சவ்விலும் அதைச் சுரக்கிற செல்கள் இருக்கின்றன. அங்கே அதைத் தடுத்தால் வாதம் தணியுமா? எவ்வளவு பெரிய கேள்வி! அது நடந்தே நம் மையத்துக்கு வந்திருக்கிறது."

"அப்போ ரெண்டு மருந்தயும் சேத்து தின்னலாமா சாரே?"

"அதைச் சொல்ல முடியாதம்மா. சொல்வதற்குத்தான் ஆய்வு."

"எனக்கு நல்லா இரிக்கே."

"உங்களுக்கு நன்றாக இருப்பது ஒரு சம்பவம். அதை நாங்கள் தரவு ஆக்க வேண்டும்."

ஆக்கத் தொடங்கினார்கள். அண்டியாபீஸிலேயே மூட்டு வீங்கிய பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஆய்வுக்கு ஆள் தேடி அலையவேண்டிய செலவு மையத்துக்கு மிச்சம். கேள்வி கேட்க ஜின்சி என்ற பெண்ணை அனுப்பினார்கள். கருங்கல் பக்கத்துப் பெண், படித்து முடித்துக் கிடைத்த முதல் வேலை. கையில் ஒரு டேப்லெட் கணினியை வைத்துக்கொண்டு முத்துக்கனி முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, கார் கதவ தனியா தொறக்க முடியுமா? சிரமம் இல்லாமலா, கொஞ்சம் சிரமமா, ரொம்ப சிரமமா?"

"எங்க வீட்டுல காரு எங்க மக்கா?"

"அப்போ முடியாதுன்னு போடுதேன். பாத்-டப்புக்குள்ள எறங்கி ஏற முடியுமா?"

"அது என்னது?"

ஜின்சி கையால் அளவு காட்டி விளக்கினாள். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி என்று முத்துக்கனி புரிந்துகொண்டு, அதில் தான் எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்டாள். அதற்கும் முடியாது என்று விழுந்தது. எல்லாம் கேட்டு முடித்த பிறகு முத்துக்கனி கேட்டாள்.

"நான் எனக்க மவகிட்ட கையாலதான் மக்கா பேசணும். அவளுக்கு செவி கேக்காது. அதப்பத்தி ஒண்ணும் கேக்கல்லியே?"

"அது இதுல இல்ல அக்கா."

"பொறத்த எங்கயாவது எழுதப்பிடாதா?"

"இது மெசினு அக்கா. எழுத எடமில்ல."

ஜின்சிக்கு மனசு கேட்காமல் இயக்குநரிடமே போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளைக்காரன் அங்கீகரித்த வினாத்தாள் இது. உலகம் பூராவும் கார்க் கதவைத்தான் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் கையால் பேசுகிறார்கள் என்பதற்காக விஞ்ஞானத்தை வளைக்க முடியுமா?" என்று கேட்டார். ஜின்சி முடியாது என்று ஒத்துக்கொண்டாள்.

அடுத்தது கழுவல் காலம். ஆய்வுக்கு முன் உடம்பில் கிடக்கிற பழைய மருந்தெல்லாம் கழுவிப் போக வேண்டுமாம். அரிப்புக் குளிகையை நிறுத்தச் சொன்னார்கள், சரி. வாரத்துக்கு ஒருமுறை தின்கிற மருந்தையும் நிறுத்தச் சொன்னபோது முத்துக்கனி நேராக இயக்குநர் அறைக்கே போய்விட்டாள்.

"சாரே, நெய்யூர் டாக்டரு அத நிறுத்தவே பிடாதுன்னு சொன்னாவ."

"அவர் உங்களைப் பார்க்கிறார் அம்மா. நான் உலகத்தைப் பார்க்கிறேன்."

"வெரலு மடங்கிப் போச்சுன்னா?"

"ஆய்வு முடியட்டும். உலகத்தில் இந்த மருந்தால் நிமிர்கிற முதல் விரல் உங்கள் விரலாகத்தான் இருக்கும். என்னை நம்புங்கள்."

அவள் நம்பினாள். அவ்வளவு பெரிய கட்டடத்தில் இருக்கிறவர் பொய் சொல்வார் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

இந்த மாதிரி விஷயங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே மையத்தில் அறநெறிக் குழு ஒன்று உண்டு. அதுவும் கூடியது. தின்றுகொண்டிருக்கிற மருந்தை நிறுத்துவது நியாயமா என்று ஒரு உறுப்பினர் கேட்டே விட்டார். "மிக முக்கியமான கேள்வி, நன்றி" என்று தலைவர் சொல்லி, கேள்வி கேட்கப்பட்டது என்பதைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மீனா கோழியா என்ற அடுத்த விஷயத்துக்குப் போனார். அதில் கருத்து வேற்றுமை வந்து கூட்டம் நீண்டது.

பிறகு சம்மதம் வாங்கும் சடங்கு. சட்டப்படி எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்பதால் ஜின்சி பெண்களை வட்டமாக உட்கார வைத்துச் சொன்னாள். "ஆளுக்கொரு குப்பி தருவோம். கொஞ்சம் பேருக்கு நெசமான அலர்ஜி மருந்து. மத்தவங்களுக்கு வெறும் மாவு உருட்டினது. பாத்தா ஒண்ணு மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலிக்கிறவளுக்குத் தெரிந்தே மாவு கொடுப்பார்கள் என்பதை யாராலும் ஜீரணிக்க முடியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்கள். விரல் மடங்காதவர்களுக்குக் கைரேகை வைக்கலாமே என்று ஜின்சிக்குத் தோன்றியது. கைரேகை செல்லாதாம், பேனா பிடித்தே போட வேண்டுமாம். மூட்டு நோயாளிகள் பேனா பிடிக்கப் பட்ட பாட்டை வீடியோவும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அண்டியாபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் என்ன கறி கொண்டுவந்தாலும் தனியாகத் தின்னக் கூடாது. ஒருத்தியின் மீன்கறி, ஒருத்தியின் அவியல், ஒருத்தியின் வெறும் சம்மந்தித் துவையல் எல்லாம் நடுவில் வரும். எல்லோர் சோற்றிலும் எல்லாம் விழும். கறி இல்லாமல் வந்தவள் யார் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். கோயில் அப்பமானாலும் அய்யாவழிப் பதியிலிருந்து வந்த பால்பாயசமானாலும் இதே கதைதான்.

சாப்பிட்டு முடித்ததும் கிரேசி தன் குப்பியை எடுத்து நடுவில் வைத்தாள்.

"மக்களே, இதுல யாருக்கு மாவோ யாருக்கு மருந்தோ? எனக்கு மருந்து கெடச்சு முத்துக்கு மாவு கெடச்சா எனக்கு அது செல்லுமாட்டி? கர்த்தரு கேக்கமாட்டாரா?"

"எனக்கு கெடச்சா மட்டும் நான் தின்னுகிட்டு இருப்பனா?" என்றாள் முத்துக்கனி.

ஒரு எவர்சில்வர் போணியில் எல்லாக் குப்பிகளையும் கவிழ்த்தார்கள். நன்றாகக் கலக்கினார்கள். ஆளுக்கு ஒப்பமாகப் பங்கு வைத்து, மிஞ்சியதைப் பாக்குவெட்டியால் நறுக்கி அதையும் பகிர்ந்தார்கள். யாருக்கும் கூடவோ குறையவோ இல்லை என்ற திருப்தி எல்லா முகத்திலும் தெரிந்தது. மாதாமாதம் குப்பி வந்தது; மாதாமாதம் போணியும் நடுவில் வந்தது. காலிக் குப்பிகளை எண்ணிப் பார்த்த இயக்குநர், இத்தனை ஒழுக்கமான நோயாளிகளை நான் பார்த்ததே இல்லை என்று நெகிழ்ந்து போனார்.

முத்துக்கனியின் விரல்கள் இதற்குள் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தன. பழைய மருந்து நின்றதும் வீக்கம் திரும்பி வந்தது. விரல் முட்டிகள் புடைத்து, விரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கின. ஒருநாள் வானம் கறுத்தபோது, மழை வருகிறது, துணியை எடு என்று மகளுக்குக் காட்டினாள். சரிவாக இறங்கிய கையை அப்பா என்று எடுத்துக்கொண்டு அபினா ஓடிப்போய் ரப்பர் தோட்டத்திலிருந்து அப்பாவைக் கூட்டிவந்து நிறுத்தினாள். துணியெல்லாம் நனைந்தது. சுயம்பு பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்க, தாயும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது தடவை அப்படி நடந்தபோது முத்துக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மையத்துக்குப் போய்க் கையைக் காட்டினாள். அதற்கென்று பாதக நிகழ்வுக் குழு இருந்தது. அதன் தலைவர் கேட்டார்.

"இது திடீரென்று வந்ததா, மெதுவாக வந்ததா?"

"பைய பையத்தான் வந்து சாரே."

"அப்படியானால் இது நிகழ்வு அல்ல, போக்கு. நாங்கள் நிகழ்வுகளை மட்டும் பார்க்கிறோம். போக்குகளுக்கான குழு இன்னும் அமைக்கப்படவில்லை."

"நான் இதுல இருந்து நின்னுக்கிடட்டா?"

அவர் இயக்குநரைக் கூப்பிட்டார். டாக்டர் பொன்னுலிங்கம் மிகுந்த கனிவோடு பேசினார். "தாராளமாக விலகலாம் அம்மா, அது உங்கள் உரிமை. ஆனால் நடுவில் ஒருவர் போனால் கணக்கு உடைந்துவிடும். மற்றப் பெண்கள் இத்தனை நாள் தின்றதெல்லாம் வீண். உங்களால் அவர்களுக்கு நஷ்டம் வர வேண்டுமா?"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் முத்துக்கனி எழுந்து போயிருப்பாள். மற்றவர்களுக்கு நஷ்டம் என்று சொன்னதும் அவளால் எழ முடியவில்லை. இந்த மனுஷர்களுக்கு ஏழைகளின் நல்ல குணம் எங்கே இருக்கிறது என்று எப்படித்தான் தெரிகிறதோ, சரியாக அங்கேதான் கையை வைக்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து ஆய்வு நிறைவு விழா நடந்தது. குளிர் அரங்கம், மையத்தின் கீதம், முன்வரிசையில் நெஞ்சில் அட்டை குத்திய அண்டியாபீஸ் பெண்கள். குத்துவிளக்கில் ஒரு திரியை முத்துக்கனியைக் கொண்டு ஏற்றச் சொன்னார்கள். மெழுகுவத்தி அவள் கையில் நிற்கவில்லை. ஜின்சி அவள் மணிக்கட்டைப் பிடித்து ஏற்ற வைத்தாள். புகைப்படக்காரர் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை ஏற்றச் சொன்னார்.

டாக்டர் பொன்னுலிங்கம் மைக்கைப் பிடித்தார். "மருந்து பெற்ற குழு ஒன்று. மாவு பெற்ற குழு ஒன்று. இரண்டு குழுவுக்கும் இடையே கடுகளவு வித்தியாசமும் இல்லை! ஆகவே அலர்ஜி மாத்திரையால் மூட்டுவாதத்துக்கு ஒரு பயனும் இல்லை என்று இந்த மையம் உலகுக்கு அறிவிக்கிறது. இருக்கிறது என்று கண்டுபிடிப்பவர்கள் பலர். இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு துணிவு வேண்டும்."

வித்தியாசமே இல்லை என்றதும் முதலில் கைதட்டியது கிரேசிதான். மற்றப் பெண்களும் தட்டினார்கள். கிரேசி பெருமை தாங்காமல் எழுந்தே விட்டாள்.

"எப்படி சாரே வித்தியாசம் வரும்? நாங்க எல்லா குப்பியயும் ஒரு போணில தட்டி, ஒப்பம் பங்கு வச்சுல்லா தின்னோம்! ஒரு பொடி கூடுதல் கொறவு கெடையாது!"

"மைக்கை அணையுங்கள்" என்றார் இயக்குநர். பேசியது அவரில்லை, கிரேசி. அவளிடம் மைக்கே இல்லை. ஆனாலும் அணைத்தார்கள்.

அறநெறிக் குழுவில் முன்பு கேள்வி கேட்ட அதே உறுப்பினர், அப்படியானால் இந்த முடிவுக்கு அர்த்தமே இல்லையே, மறுபடி நடத்த வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"அறிக்கை போய்விட்டது" என்றார் இயக்குநர். "தாமதமாக வருகிற உண்மையை அதில் சேர்க்க வழியில்லை. மறுபடி நடத்தலாம், ஆனால் இந்தப் பெண்களை வைத்து நடத்த முடியாது. இவர்களிடம் அடிப்படை நேர்மை இல்லை."

கிரேசிக்கு அது விளங்கவே இல்லை. "நேர்மை இல்லியா? எங்களுக்கா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். குளிகையை நறுக்கி நறுக்கிப் பங்கு வைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

முத்துக்கனி மட்டும் மேடைப் பக்கம் போனாள். இரண்டு கையையும் நீட்டினாள். "சாரே, அப்போ எனக்க வெரலு?"

டாக்டர் பொன்னுலிங்கம் பார்த்தார். ஒரு பொன்னாடையை எடுத்து அவள் தோளில் போட்டார். "ஆய்வு முடிந்துவிட்டதம்மா. இனி நீங்கள் எந்த மருந்து வேண்டுமானாலும் சாப்பிடலாம். முழுச் சுதந்திரம்." பொன்னாடை வழுக்கிக் கீழே விழுந்தது. அவளால் அதைப் பிடிக்க முடியவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு, உழைக்கும் பெண்களிடம் காணப்படும் ஒழுங்கின்மை பற்றி இயக்குநர் ஒரு கட்டுரை எழுதினார். அதை வாசிக்க விமானத்தில் போய்விட்டு வந்தார். சரிவுப் பாதையில் இன்னும் பெரிய கார் நின்றது.

நெய்யூர் டாக்டர் முத்துக்கனியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மருந்தைத் திரும்ப ஆரம்பிக்கலாம். வீக்கம் வத்தும், வலியும் கொறையும். ஆனா மடங்கினது இனி நிமிராதம்மா."

"அந்த அரிப்பு குளிகைல கொணம் உண்டுமா டாக்டரே, இல்லியா?"

"தெரியலம்மா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒழுங்காப் பாத்திருந்தா ஒருவேள தெரிஞ்சிருக்கும்."

அவள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சுயம்புவைக் காணவில்லை. அபினா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். முத்துக்கனி அவள் முன்னால் போய் நின்று, அப்பா எங்கே என்று கையால் கேட்டாள். விரல்கள் பிரியவில்லை, கீற வேண்டிய இடத்தில் கை மொத்தமாக ஒரு ஆட்டம் ஆடியது. அபினா கத்தியை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். முத்துக்கனி வலியைப் பொறுத்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

அபினா சிரித்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

எங்கே என்ற கேள்விக்கு ஆமாம் என்று பதில் உண்டா? அந்தச் சிரிப்பும் தலையாட்டலும் முத்துக்கனிக்குத் தெரிந்தவைதான். கடைக்காரன் பேசும்போது, பஸ் கண்டக்டர் பேசும்போது, கல்யாண வீட்டில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு பேசும்போது அபினா அப்படித்தான் சிரித்துத் தலையாட்டுவாள். ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தால் அவர்கள் சங்கடப்படுவார்கள் என்று, மற்றவர்களுக்காக அவளாகவே பழகி வைத்திருந்தது. அம்மாவிடம் ஒருநாளும் அவள் அதைச் செய்ததில்லை. புரியாவிட்டால் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, ஒழுங்காகச் சொல்லு என்று சண்டைக்கு வருகிறவள்.

முத்துக்கனிக்கு அழுகை வந்தது. மகள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் அழவில்லை. மடங்கிய கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, சிரித்து, தானும் தலையாட்டினாள்.